செவ்வாய்க்கிழமைக்காரர்

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்துகொண்டு, இளையவள் தன் அப்பாவின் எண்பத்தொரு வருடத்தை ஒரே பக்கத்துக்குள் அடக்கப் பார்த்தாள். அப்பா போய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை விவசாயிகள் சங்க மண்டபத்தில் நினைவுக் கூட்டம். நீதான் எழுத வேண்டும், நீதான் படிக்க வேண்டும் என்று அண்ணன் கையைக் கழுவிவிட்டான். அவனுக்கு மாட்டுத் தீவன விற்பனை. நாள் முழுக்க வாயால் பிழைப்பவன், பேனாவைக் கண்டால் மட்டும் பாம்பைக் கண்டவன் மாதிரி ஒதுங்கிப் போவான். வீட்டுக்குப் பிள்ளைகள் இரண்டே பேர். அதனால் ஐம்பதை நெருங்கியும் சொந்தபந்தத்தில் இவளுக்கு 'இளையவள்' என்ற பெயர் மாறவில்லை.

காலையிலேயே ஒரு சண்டை நடந்து முடிந்திருந்தது. தலைப்பில் 'ஓய்வு பெற்ற விவசாயி' என்று போடச் சொன்னான் அண்ணன். சங்கத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் போடுவார்களாம். யார் கொடுத்தார்கள் அவருக்கு ஓய்வு என்று இவள் கேட்டாள். நாமதான் கொடுத்தோம் என்றான் அவன். சும்மா வேடிக்கையாகத்தான் சொன்னான். ஆனால் போனை வைத்த பிறகும் அந்தச் சொல் மேசையைச் சுற்றியே வந்துகொண்டிருந்தது.

அப்பாவின் முக்கால்வாசி வாழ்க்கையை எழுதுவது சிரமமாக இல்லை. நாலரை ஏக்கர் நிலம். மக்காச்சோளம், வெங்காயம், ஓரத்தில் கொஞ்சம் முலாம்பழம். வாய்க்கால் தண்ணீரைப் பதினான்கு பேர் முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். அப்பாவின் முறை செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டிலிருந்து ஆறு வரை. நாற்பத்தெட்டு வருடம் அந்த நாலு மணி நேரம் அவரை வேறெங்கும் யாரும் பார்த்ததில்லை. கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் ஒரு செவ்வாய்க்கிழமையைச் சொன்னபோது, காலையிலேயே முடித்துவிட்டால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றாராம். இளையவள் பிறந்ததும் ஒரு செவ்வாய்க்கிழமைதான், மூன்று மணிக்கு. அப்பா ஆறரைக்கு வந்தார், முழங்கால் வரை சேற்றோடு. மருத்துவமனைத் தாதி அவரை வாசலிலேயே நிறுத்திக் காலைக் கழுவ வைத்தாள். "ஊர்ல எல்லா ஆம்பிளையும் பொண்டாட்டிக்குப் பயப்படுவான், இவர் மடைக்குப் பயப்படுவார்" என்று அம்மா சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்காக அம்மா மேல் ஆசை இல்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. முலாம்பழம் பழுக்கும் நாட்களில் தினமும் ஒரு பழத்தைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து, அடுப்படியில் வைத்துவிட்டு, "அடிபட்டது, விக்காது" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்தப் பழத்தில் அடியும் இருக்காது, கீறலும் இருக்காது. வயலிலேயே நல்ல பழம் அதுதான். அம்மாவுக்கும் தெரியும். தெரிந்தும், "அடிபட்டதெல்லாம் நம்ம தலையிலதான் கட்டுவார்" என்று சொல்லிக்கொண்டே, முகம் மலர அதை அறுப்பாள்.

இதையெல்லாம் இளையவள் ஒரு மூச்சில் எழுதிவிட்டாள். எல்லாவற்றுக்கும் முன்னால் எழுதிய வரி ஒன்று பக்கத்தின் அடியில் இருந்தது. 'கடைசிக் காலத்தை மகள் வீட்டில் நிம்மதியாகக் கழித்தார்.' மற்ற வரிகளில் எதை அடித்தாலும் அவளுக்குக் கவலை இல்லை. இந்த ஒரு வரி நின்றாக வேண்டும். ஏனென்றால் அம்மா போன பிறகு, தனியாகச் சமைத்துச் சாப்பிட்டு இளைத்துப்போன மனிதரை நிலத்தை விட்டுக் கிளப்பியது அண்ணன் இல்லை, இவள்தான். ஒரு மாதம் போய் உட்கார்ந்து, அழுது, கெஞ்சி, கோபித்து, 'என் நிம்மதிக்காகவாவது வாங்கப்பா' என்று சொல்லிக் கூட்டிவந்தாள். நாலாவது மாடி, இரண்டு படுக்கையறை வீடு. ஏழு வருடம் இருந்தார். அவரைப் பிடுங்கி நட்டது தப்பில்லை என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். யாரும் சொல்லாததால் தானே எழுதிக்கொண்டாள்.

நிம்மதி என்ற சொல் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. மூன்று வருடத்துக்கு முன்னால்தான் அது ஆரம்பித்தது. அதுவரை காலையில் கீழே போய்க் காவல்காரரோடு பேசிவிட்டு, மதியம் தூங்கி எழுந்துகொண்டிருந்த மனிதர், செவ்வாய்க்கிழமை ஆனால் ஒன்றரை மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று கேட்டால், தண்ணி பாய்ச்சிட்டு வரேன் என்றார். ஆறரைக்குத் திரும்புவார், காலெல்லாம் சேறு. நிலத்தை விற்று நாலு வருடம் ஆகியிருந்தது. இளையவளும் அவள் கணவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை, இரண்டிலிருந்து ஆறு. இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? அண்ணனிடம் போனில் சொன்னபோது அவனும், மனசு பழைய இடத்துக்கே போயிடுச்சு போலிருக்கு என்றான்.

சேறு தரை விரிப்பிலெல்லாம் ஒட்டுகிறது என்று ஒருநாள் அவள் சலித்துக்கொண்டாள். அடுத்த வாரத்திலிருந்து சுத்தமாகத் திரும்பி வந்தார். எங்கேயோ ஒரு மரத்தடியில் சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறார் போல என்று நினைத்துக்கொண்டாள். ஒருமுறை துண்டில் சுற்றி ஐந்து சோளக்கதிர் கொண்டுவந்து நீட்டினார். இளையவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யார் வீட்டுத் தோட்டத்துல கை வெச்சீங்கப்பா?" என்று கேட்டுவிட்டாள். அவர் கதிர்களை மேசை மேல் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டார். இவள் அந்தக் கதிர்களைத் தூக்கிக்கொண்டு தெருவில் தோட்டம் வைத்திருந்த மூன்று வீட்டுக் கதவைத் தட்டி, எங்கப்பா தெரியாம பறிச்சிட்டார் என்று மன்னிப்புக் கேட்டாள். யாரும் தங்களுடையது என்று சொல்லவில்லை. கடைசியில் குப்பையில் போட்டாள்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை பெருமழை. எட்டு மணி வரை அவர் வரவில்லை. போலீஸ் வரைக்கும் போனார்கள். ஒன்பது மணிக்கு நனைந்த கோழி மாதிரி வந்து சேர்ந்தார். மறுநாள் மருத்துவரிடம் கூட்டிப்போனார்கள். மருத்துவர் ஐந்தாறு கேள்வி கேட்டார். இந்த நாட்டை இப்போது யார் ஆள்கிறார்கள் என்று கேட்டதற்கு, "எவன் ஆண்டா என்ன தம்பி, மழை ஒழுங்கா பெய்யுதான்னு பாருங்க" என்றார் அப்பா. மருத்துவர் சிரிக்கவில்லை. தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். பெரியவர் தினமும் எங்காவது போகிறாரா என்று கேட்டபோது, செவ்வாய்க்கிழமைக் கதையை விலாவாரியாக எடுத்துச் சொன்னது இளையவள்தான். முறைத் தண்ணீர் என்றால் என்ன என்பதைக்கூட விளக்கிச் சொன்னாள். மறதி நோய் ஆரம்பித்திருக்கலாம், அலையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார் மருத்துவர். கணவன் கம்பிக் கதவுக்கு ஒரு பூட்டு வாங்கிவந்தான். செவ்வாய்க்கிழமை மட்டும் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போனாள். மாத்திரை ஆரம்பித்த மூன்றாவது வாரமே அவருக்குப் படியிறங்கக் கால் நிற்கவில்லை. அப்புறமும் பூட்டினாள். இரண்டு வருடம்.

இதில் அவள் தவறு எங்கே? மகளாகச் செய்ய வேண்டியதைத்தானே செய்தாள்? நாளும் பொழுதும் வேளைக்குச் சோறு, வேளைக்கு மாத்திரை, வாராவாரம் நகம் வெட்டிவிடுவது, குளிக்கத் தண்ணீர் சூடு பார்த்து வைப்பது. 'நிம்மதியாக' என்ற சொல்லை அடிக்கப்போனவள், அடிக்காமல் பேனாவை மூடினாள்.

அப்போதுதான் ஒரு ஆள் வலது கன்னம் வீங்கி, அதைக் கையால் தாங்கிக்கொண்டு உள்ளே வந்தான். நாற்பத்தைந்து வயது இருக்கும். நீல நிற வேலைச் சட்டை. குடிநீர் நிலையத்தில் பம்ப் ஓட்டுகிறவன் என்று பதிவு அட்டைக்குச் சொன்னான். வீக்கத்தில் ஒவ்வொரு சொல்லும் வழுக்கிக்கொண்டு வந்தது. எந்தப் பல் என்று கேட்டதற்கு, இப்ப எல்லாமே ஒரே பல்லாட்டம் இருக்கு மேடம் என்றான். அவள் எழுதிக்கொண்டிருக்கும்போது அவன் பார்வை மேசை மேல் இருந்த புகைப்படத்தில் போய் நின்றது. கூட்டத்தில் வைக்கப் பெரிதாக்குவதற்காக அவள் எடுத்து வந்திருந்த படம்.

"அட, நம்ம செவ்வாய்க்கிழமைக்காரர்" என்றான். வலியை மறந்து கையைக் கன்னத்திலிருந்து எடுத்துவிட்டான். "உங்களுக்குச் சொந்தமா? எங்க இருக்கார்? மகன் ஊருக்குப் போயிட்டார்னு நினைச்சேன். ரெண்டு வருஷமாச்சு, ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டாரேன்னு எனக்கு அவர்மேல கோவங்கூட உண்டு."

இளையவளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. நீங்க வேற யாரையோ சொல்றீங்க என்றாள். அவன் தலையை ஆட்டினான். இடது புருவத்தில் வெட்டுக் காயம், உட்காரும்போது 'ஏ அப்பனே' என்று ஒரு முனகல், அவரேதான் என்றான். அவர் எங்கப்பா என்றாள் அவள்.

காத்திருந்த அரை மணி நேரத்தில் அவன் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டுமானால் இதுதான். குடிநீர் நிலையத்தில் வாரம் ஒருமுறை வடிகட்டித் தொட்டியைக் கழுவிவிடுவார்கள். அந்தத் தண்ணீர் குழாய் வழியாக வந்து சாக்கடையில் விழும். ஒருநாள் அந்த வழியாக நடந்து போன பெரியவர் அதைப் பார்த்து நின்றுவிட்டார். இவ்வளவு தண்ணியை எதுக்கு வீணாக்கறீங்க என்று கேட்டார். அடுத்த வாரம் வந்து, நிலையத்தின் பின்னால் சும்மா கிடந்த இடத்தைக் காலடியால் அளந்தார். தொட்டியை எந்த நாளில் கழுவினாலும் மேலதிகாரிக்குக் கவலை இல்லை. எந்த நாள் உங்களுக்கு வசதி பெரியவரே என்று இவன் கேட்டான். அவர் யோசிக்கவே இல்லையாம். செவ்வாய்க்கிழமை, ரெண்டு மணி என்றாராம்.

"ஏன் செவ்வாய்னு கேட்டேன். உடம்புக்குப் பழகின நாள்னார்" என்றான் பம்ப் ஆள்.

இளையவள் பேனாவைக் கையில் பிடித்தபடியே இருந்தாள். உள்ளேயிருந்து பல் மருத்துவர் அழைப்பு மணியை இரண்டு முறை அடித்தார். அவள் எழவில்லை.

"முதல்ல சேத்தோடவே வீட்டுக்குப் போனார். அப்புறம் மகள் வீட்டுத் தரை வீணாகுதுன்னு ஒரு பழைய கால்சட்டையைக் கொண்டாந்து என் அறையில மாட்டினார். மாத்திக்கிட்டுத்தான் இறங்குவார், கழுவிக்கிட்டுத்தான் கிளம்புவார். முதல் அறுப்புல அஞ்சு கதிர் மட்டும் எடுத்துக்கிட்டார், பிஞ்சாப் பார்த்து. மகளுக்குன்னார். அடுத்த வாரம் கேட்டேன், மகள் என்ன சொன்னாங்கன்னு." அவன் வீங்கிய கன்னத்தோடு சிரிக்க முயன்றான். "ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொன்னீங்களாமே."

அப்பா இறந்துவிட்டார் என்று அவனிடம் சொல்ல அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

அன்று ஐந்தரைக்கு வேலை முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போகாமல் குடிநீர் நிலையத்துக்கு நடந்தாள். வீட்டிலிருந்து கால் மணி நேரம்கூட இல்லை. பல் பிடுங்கிய வாயில் பஞ்சை அழுத்திக்கொண்டு பம்ப் ஆள் கதவைத் திறந்துவிட்டான். பேச முடியாததால் கையைக் காட்டினான். நிலையத்தின் பின்சுவருக்கும் வேலிக்கும் நடுவே ஒரு துண்டு நிலம். முழங்கால் உயரம் களை மண்டிக் கிடந்தது. அதற்குள்ளும் வரப்புகள் தெரிந்தன. நூல் பிடித்த மாதிரி நேரான வரப்புகள். ஒவ்வொரு பாத்தியின் தலையிலும் தண்ணீரை மறிக்க ஒரு தட்டைக் கல், அதைத் தூக்க ஒரு கம்பி வளையம். அவள் சின்ன வயதில் நூறு தடவை பார்த்த வேலைப்பாடு. குழாய் வாயில் வெட்டிய சின்ன வாய்க்கால் மண் மேடிட்டுத் தூர்ந்திருந்தது. தண்ணீர் பழையபடி சாக்கடைக்கே போய்க்கொண்டிருக்கும் தடம் கருப்பாக இருந்தது.

பம்ப் ஆள் பஞ்சை எடுத்துவிட்டு மெல்லச் சொன்னான். அந்தப் பெருமழையன்று பாத்திகளில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டு, எட்டரைக்கு மேல்தான் பெரியவர் கிளம்பினாராம். அவர் வராத முதல் செவ்வாய்க்கிழமை நாலு மணி வரை தொட்டியைத் திறக்காமல் காத்திருந்தானாம். அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் தானே திறந்துவிட்டுப் பாத்தி மாற்றிப் பார்த்தான். இயந்திரமும் பார்த்துக்கொண்டு இதையும் பார்க்க முடியவில்லை. பாதிப் பயிர் காய்ந்தது, மீதி அழுகியது. பெரியவர் வீடு எதுவென்று தெரியாது. 'மகள் வீடு' என்றுதான் எப்போதும் சொல்வார். மற்ற நாட்களில் பகலில் வேறொருவன் பணியில் இருப்பான், அவனுக்குப் பெரியவரையே தெரியாது.

இளையவள் ஒரு பாத்தியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பூட்ட ஆரம்பித்த முதல் மாதத்தில் அப்பா ஒருநாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. மறக்கக்கூடிய விஷயமில்லை; ஆனால் இத்தனை நாள் அதை ஒரு நோயாளியின் பேச்சு என்று தனியே ஒதுக்கி வைத்திருந்தாள்.

"பாப்பா, ஒரு மணி நேரம் திறந்து விடும்மா. வேலை செய்யலை. போய்ச் சொல்லிட்டாவது வந்துடறேன்."

"யார்கிட்டப்பா சொல்லணும்?"

"காத்துக்கிட்டு இருப்பான்."

வாய்க்கால் முறையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. முறைக்கு வர முடியாதவன் அடுத்தவனிடம் போய்ச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் தண்ணீர் யாருக்கும் ஆகாமல் ஓடைக்குப் போய்விடும். சொல்லாமல் முறையை விட்டவனோடு ஒரு வருடத்துக்கு யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அப்பா ஒருமுறைகூட அப்படி விட்டதில்லை. நூற்று நாலு டிகிரி காய்ச்சலிலும் எழுந்து நடந்து போய், அடுத்த முறைக்காரரான கீழ்மடை மாமாவிடம் சொல்லிவிட்டு வந்து படுத்தவர். அதனால்தான் அன்று அப்பா கையைப் பிடித்தபோது அவளுக்குக் கீழ்மடை மாமா ஞாபகம் வந்தது. அந்த மாமா செத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. செத்துப்போனவரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்கிறாரே என்று அவளுக்கு அழுகை முட்டியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் சொல்லிட்டேம்பா, நீங்க தூங்குங்க" என்றாள். அவர் அவளையே பார்த்தார். "நீ சொல்லிட்டியா?" என்று கேட்டார். சொல்லிட்டேன் என்றாள். அவர் கையை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை. நம்பிவிட்டார்.

அறியாத ஊர்க்காரி யாராவது அவரை வைத்துப் பார்த்திருந்தால், தண்ணி பாய்ச்சப் போறேன் என்றவரிடம் எந்த நிலத்துக்கு என்று கேட்டிருப்பாள். ஒருநாள் பின்னாலேயே நடந்து வந்து பார்த்திருப்பாள். விவசாயி பெற்ற பிள்ளைகள், நாளும் நேரமும் தெரிந்த பிள்ளைகள், கேட்கவே வேண்டியிருக்கவில்லை. எல்லாம் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள். பேருந்துப் பணிமனையில் நேரம் குறிப்பவன் அவன். எதையும் இருமுறை பார்க்காமல் எழுதாதவன். இரண்டு முறை முழுக் கதையையும் சொல்ல வைத்துக் கேட்டான். பிறகு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"பூட்டு வாங்கினது நான்" என்றான்.

"பூட்டினது நான்."

அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டான். இருபத்து மூன்று வருடத்தில் எந்தத் துக்கத்திலும் அந்தத் தோள் அவளுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. அன்றைக்கு அது வெறும் எலும்பாகத்தான் இருந்தது.

மறுநாள் அண்ணனிடம் சொன்னபோது அவன் நம்பவே இல்லை. பம்ப் ஓட்டுகிறவன் வேறு யாரையோ நினைத்து உளறுகிறான் என்றான். புருவத்துக் காயத்தைச் சொன்னாள். சோளக்கதிரைச் சொன்னாள். கடைசியில், குரல் உடைந்து, "சரி, அப்படியே இருக்கட்டும். இப்ப தெரிஞ்சு யாருக்கு என்ன ஆகப்போகுது? அந்த வரியை மட்டும் எடுத்துடாதே. எனக்கும் அது வேணும்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சங்க மண்டபத்தில் எழுபது எண்பது பேர் வந்திருந்தார்கள். பழைய வாய்க்கால்காரர்களில் உயிரோடு இருந்த நாலு பேர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு அப்போதே தூங்க ஆரம்பித்துவிட்டார். இளையவள் தாளைப் பிரித்துப் படித்தாள். அம்மாவின் மடைப் பேச்சுக்குக் கூட்டமே சிரித்தது. முலாம்பழக் கதைக்குப் பெண்கள் பக்கத்தில் இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்தார்கள். கடைசி வரி வந்தது. அவள் தாளைக் கீழே இறக்கினாள்.

"இங்க ஒரு வரி எழுதியிருக்கேன். அது பொய்" என்றாள். "எங்கப்பாவுக்கு மறதி இல்லை. ஒண்ணுமே இல்லை. செவ்வாய்க்கிழமை ஆனா நிஜமாவே தண்ணி பாய்ச்சத்தான் போனார். பைத்தியம்னு நினைச்சு நான்தான் பூட்டி வெச்சேன். மாத்திரை கொடுத்து நடக்க முடியாம பண்ணினேன். அவர் நிம்மதியா இல்லை."

முன்வரிசையிலிருந்து பெரியம்மா எழுந்து வந்தாள், அம்மாவின் அக்கா. வந்தவள் இவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அப்படியெல்லாம் பேசக் கூடாது கண்ணு, பெத்தவங்க போனா எல்லாருக்கும் இப்படித்தான் தோணும், நான் என் மாமியாருக்கு ஒரு வாய்த் தண்ணி கொடுக்கலையேன்னு ஒரு வருஷம் பினாத்தினேன் என்றாள். ஆமாம் ஆமாம் என்று நாலு பக்கமும் குரல் எழுந்தது. பின்னால் யாரோ, பாவம், கூடவே இருந்து பார்த்தவ இல்ல, அதிர்ச்சி என்றார்கள். இல்ல பெரியம்மா, நெஜமாத்தான் என்று அவள் சொல்ல வாயெடுத்தாள். பெரியம்மா அவள் வாயைத் தன் உள்ளங்கையால் மெல்ல மூடினாள். வாய்க்கால்காரர்களில் ஒருவர் இரக்கத்தோடு தலையை ஆட்டினார். அவனுக்குக் கடைசியில புத்தி பிசகினது ஊருக்கே தெரியும்மா, செவ்வாய்க்கிழமையானா கிளம்பிடுவானாமே, நீ பூட்டாம விட்டிருந்தா எந்த வண்டியில அடிபட்டிருப்பானோ என்றார். ஊருக்கே சொன்னது அவள்தான்.

அவளைக் கைத்தாங்கலாக நாற்காலியில் உட்கார வைத்தார்கள். யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். கணவன் எழுந்து நின்று, அவ சொல்றது உண்மைதான் என்றான். குரல் எழும்பவில்லை. பொண்டாட்டி மேல எவ்வளவு பிரியம் பாரு என்று பக்கத்தில் ஒரு பெண் இன்னொருத்தியின் காதில் சொன்னாள்.

அண்ணன் மேடைக்குப் போனான். அவள் கையிலிருந்து நழுவித் தரையில் கிடந்த தாளைக் குனிந்து எடுத்தான். தங்கையை ஒரு தடவை பார்த்தான், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டான். தொண்டையைச் செருமிக்கொண்டு, தீவனம் விற்கிற அதே நல்ல குரலில், கடைசி வரியை எல்லோருக்கும் கேட்கும்படி படித்தான்.

கூட்டம் முடிந்ததும் ஒவ்வொருவராக வரிசையில் வந்து இளையவளின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். உன்னை மாதிரி ஒரு மகள் கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும் என்றார்கள். சிலர் அவள் தலையைத் தொட்டார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் ம் என்றாள். வரிசை நீளமாக இருந்தது.